வலைப்பந்து மாதிரித்தான்

பத்து வருடம் கொழும்பில் றக்பி விளையாடினேன். முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுவதுதான் என் வேலை. முழங்கால் இரண்டாம் தடவை விலகியபோது வைத்தியர் போதும் என்றார். முல்லைத்தீவுக்குத் திரும்பி, கொக்கிளாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண் பிள்ளைகளுக்கு றக்பிப் பயிற்சியாளரானேன். எதிரணியை முட்டுவதெல்லாம் சுகம். அம்மாமாரிடம் அனுமதி கேட்பது இருக்கிறதே, ஐயோ!

உண்மையைச் சொன்ன இரண்டு வீடுகளிலும் தேத்தண்ணி ஆறுமுன்னே மறுத்துவிட்டார்கள். மூன்றாவது, களப்பில் மீன்பிடிக்கும் குடும்பம். அங்கே கூசாமல் புளுகினேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. பந்தைக் குடுத்து வாங்கி ஓடுறதுதான். வலைப்பந்து மாதிரித்தான்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் அவர் மகள்தான் என் அணியிலேயே கெட்டிக்காரி.

போன மாதம் வவுனியாவில் எங்கள் முதல் போட்டி. பஸ்ஸில் முதல் ஆளாக அந்த அம்மா ஏறி இருந்தார். இன்றைக்கு ஆட்டத்தைப் பார்த்தால் பிள்ளையை நிறுத்திவிடுவார். விளையாடவே பிறந்தவள், என் பொய்யால் வீட்டோடு இருக்கப்போகிறாள். வழியில் புளியங்குளம் வரைக்கும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பணிஸ் பிய்த்துத் தந்தார். தின்றேன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து மகளை விழுத்தினார்கள். எழும்பியவளின் மூக்கில் இரத்தம். அம்மா குடையை மடக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"அக்கா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் சேலைத் தலைப்பால் மகளின் மூக்கைத் துடைத்தபடியே சொன்னார்:

"முதல் கிழமையே தெரியும் ரீச்சர். அவளின்ர உடுப்புத் தோய்க்கிறது ஆர்? வலைப்பந்துக்குப் போறவளின்ர முதுகெல்லாம் மண் பிரளுமோ?"

"அப்ப ஏன் மறிக்கேல்லை?"

"வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வாய் ஓயாத கதை, சிரிப்பு. அதை ஏன் கெடுக்கோணும்? நீங்களா வந்து சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்பாடா! ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. வெட்கமும் பிடுங்கித் தின்றது. நடுவர் வெளியே போகச் சொல்லி ஊதினார்.

"இரத்தம் நிண்டிட்டுது, அவள் விளையாடட்டும்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "நீங்கள் இங்கால வந்து நில்லுங்கோ. இது என்ன விளையாட்டெண்டு இப்பவாவது எனக்கு உண்மையாச் சொல்லித் தாங்கோ."