பகலில் கேட்ட விளக்கு

என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பை அடுக்கியவன் நான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எங்கள் நெசவு ஊரான மருதமுனையில் அது ஆண்கள் செய்கிற வேலை இல்லை. ஆனால் அவளுக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்த பெண்களும் இல்லை.

எட்டாம் மாதம். காலில் இருந்த வீக்கம் முகத்துக்கும் ஏறியிருந்தது. வந்து பார்த்த மருத்துவிச்சி, தறியில் இருந்த என்னை வெளியே கூப்பிட்டாள்.

"இது வீட்டில வச்சுப் பார்க்கிற புள்ளப்பேறு இல்ல மகன். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

மாட்டுக்கரத்தைக்குச் சொல்லிவிட்டு வந்து, பன்புல்லில் இழைத்த பையை எடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து, நெற்றியைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைவலி அவளைப் பிளந்துகொண்டிருந்தது.

"நீங்க உடுத்த பழைய சாரனக் கிழிச்சு வைங்க. புதுத் துணி உறுத்தும். தலகாணிக்குக் கீழ புள்ளைக்குச் சட்டை தைச்சு வச்சிருக்கன், அதையும் எடுங்க."

அவள் தைத்தது எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது.

"இவ்வளவு சின்னதா?"

"பிறக்கக்குள்ள அவ்வளவுதான் இருக்கும்," என்று சிரித்தாள். வீங்கிய முகத்தில் அது அவள் சிரிப்பாகவே இல்லை.

குளிக்கிற சவர்க்காரத்தைத் தேடிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்க, ஏன் இருட்டுக்குள்ள நிண்டு தேடுறீங்க? விளக்கக் கொளுத்துங்களன்."

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் வெயில் கொதித்தது. கிட்டப் போய் அவள் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமை அசையவில்லை.

"ஓம், கொளுத்துறன்," என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரத்தையில் கிடத்தினேன். பாதி வழியில் வலிப்பு வந்தது. கிழித்து வைத்த சாரன் துணியைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கரத்தைக்காரர் கலிமா சொல்லிக்கொண்டே மாட்டை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண். அவள் நினைவில்லாமல் கிடக்க, நானும் கரத்தைக்காரரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

நினைவு திரும்பி, கண்ணும் மெல்லத் தெரியத் தொடங்கியபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"புள்ள எங்க?"

"மகன்தான். மௌத்தாத்தான் பிறந்த. அடக்கிட்டன்."

அவள் அழவில்லை. "ஆரப் போல இருந்த?" என்று கேட்டாள்.

நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"உன்னப் போலதான்," என்றேன்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை.