இண்டெண்ட் போட்ட கல்யாணம்

என் அப்பா ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆயுசில் பாதியை ரைட்டராகக் கழித்தவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல. வேலைக்கு வந்த ஆள் பேர் எழுதி, வந்த உரமூட்டை எழுதி, போன காப்பி மூட்டை எழுதி, எழுதியதன் கீழே சிவப்பு மசியில் கோடு போடுகிறவர். எஸ்டேட்டில் ஒரு கவாத்துக் கத்தி வேண்டுமென்றாலும் முதலில் இண்டெண்ட் போட வேண்டும். என்ன சாமான், எத்தனை, கைவசம் இருப்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினால்தான் ஸ்டோர் பூட்டைத் திறப்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அப்பா மளிகைக் கடைக்கு இண்டெண்ட்தான் போட்டார். மேனேஜர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவார்.

எனக்கு அரசு வேலை கிடைத்தது. சேலத்தில் ஒரு ஆபீஸில் இளநிலை உதவியாளர். ஒரு மேசையில் இருக்கும் கோப்பை இன்னொரு மேசைக்கு நகர்த்துவதுதான் வேலை, அதுவும் அவசரப்படாமல். ஆனாலும் ஆர்டர் வந்த வாரமே எங்கள் வீட்டில் எல்லோருடைய நடையும் மாறிவிட்டது. அதுவரை என்னை "டேய்" என்று கூப்பிட்ட சித்தப்பா "ஏனுங்க தம்பி" என்று ஆரம்பித்தார். அப்பா வாசலில் ரோஜாத் தொட்டிகளை ஓரமாகத் தள்ளி வைத்து, ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் ஒழித்தார். கார் யாரும் வாங்கவில்லை, வாங்கப்போவதாகவும் பேச்சில்லை.

தினமும் காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்குவேன். கிளியூரிலிருந்து ஒரு பெண் வந்து அதே பஸ்ஸில் ஏறுவாள். சேலத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடும்போது பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். அவள் மட்டும் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு பிழை திருத்திக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பேனா உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பேனா உருளாமலே பேசினோம். எனக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. காலையில் எழுந்தால் ஆபீஸ் போக வேண்டுமே என்ற சலிப்பு போய், பஸ் போய்விடுமோ என்ற பயம் வந்தது.

விசாரித்ததில் எங்கள் சாதிசனம்தான் என்று தெரிந்தது. அவளுடைய அப்பா எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருந்தார். நடுவில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருக்கும். அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு. ஒரே பெண். இந்தத் தகவல்களில் 'ஒன்றரை ஏக்கர்', 'ஒரே பெண்' என்ற இரண்டை மட்டும் அப்பா காதில் வாங்கிக்கொண்டார்.

முதல் பேச்சுக்குப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தை அப்பாவும் சொன்னார். "நாங்க எதுவும் கேக்கறதில்லைங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." இதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. குரலைத் தாழ்த்த வேண்டும். தலையை லேசாகச் சாய்க்க வேண்டும். பிறகு சம்பந்தமே இல்லாதது போல, எங்க ஊட்டு வாசல்ல இப்ப எடம் நெறைய இருக்குதுங்க என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பா மூன்றையும் குறைவில்லாமல் செய்தார். அவளுடைய அப்பா புரிந்துகொண்டார். தோட்டத்தை ஒரு ரிசார்ட்டுக்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அவரைப் பார்க்கப் போனாராம்.

இது எனக்கு மறுநாளே தெரியும். பஸ்ஸில் அவள்தான் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "பாத்துக்கலாம்" என்றேன். யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சேலத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டு மருமகள், வரதட்சணைப் புகாரோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள். மாமனார், மாமியார், மாப்பிள்ளை மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று செய்தி வந்ததும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் செல்போனில் வக்கீல்கள் பேசும் வீடியோவாகப் பார்த்தார். மூன்றாம் நாள் முகம் தெளிந்தது.

"வரதட்சணைதான்டா குத்தம். அன்பளிப்பு குத்தமில்லை. லிஸ்ட்டு எழுதி வெச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா ஒருத்தனும் கேக்க முடியாது."

லிஸ்ட் என்ற சொல்லைக் கேட்ட பிறகு அப்பாவைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. சட்டம் இயற்றியவர்களில் எவனோ ஒருவன் எஸ்டேட் ரைட்டராக இருந்திருப்பான் என்று உறுதியாக நம்பினார். ஏற்காடு கடைவீதியில் டைப் அடிக்கக் கொடுத்து, இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். மேலே 'திருமண அன்பளிப்புப் பட்டியல்' என்று தடித்த எழுத்து. சட்டம் கேட்கிற கட்டங்கள் எல்லாம் இருந்தன: பொருள், உத்தேச மதிப்பு, கொடுப்பவர், உறவு. சட்டம் கேட்காத கட்டங்களும் இருந்தன. 'கைவசம் இருப்பு' என்று ஒன்று. கட்டில் எதிரே 'ஒன்று, பழையது'. கார் எதிரே 'இல்லை'. 'வழக்கத்துக்கு உட்பட்டதா' என்று ஒன்று, கீழ்வரை 'ஆம்'. 'கேட்கப்பட்டதா' என்று ஒன்று, கார் தொடங்கி கிரைண்டர் வரை வரிசையாக 'இல்லை'. கடைசியில் ஒரு குறிப்பு: மேற்படி சாமான்கள் திருமணத்துக்கு மூன்று நாள் முன்பாக வந்து சேர வேண்டும்.

மணமகன் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். காரின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது: வெள்ளை.

நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஜீப் பிடித்துக் கிளியூர் போனோம். அவர்கள் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அவர்கள் தோட்டத்துக் காப்பி. அப்பா அதை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, பட்டியலை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"நீயி வக்கீல் ஆபீஸ்ல இருக்கற பொண்ணு கண்ணு. உனக்குத்தான் புரியும். எல்லாம் சட்டப்படி இருக்குது. மணமகள்னு போட்டிருக்கற எடத்துல ஒரு கையெழுத்து."

அவள் நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் படித்தாள். பஸ்ஸில் பிழை திருத்துவது போலவே விரலை வரிவரியாக நகர்த்தினாள்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ரெண்டு லிஸ்ட்டு அடிக்கறேனுங்க. புருசன் ஊட்டை உட்டு வந்தவங்க நெனப்புல இருந்து சொல்லுவாங்க. கொடம் எத்தனை, கரண்டி எத்தனைன்னு விரல் உட்டு எண்ணிச் சொல்லுவாங்க. ஒருத்தர் கையிலயும் எழுதி வெச்ச லிஸ்ட்டு இருக்காதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்தும் போட்ட லிஸ்ட்டு இப்பத்தான் பாக்கறேன்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நொம்ப வருசப் பழக்கம் கண்ணு" என்றார்.

"ஆனா மாமா, யாரும் கேக்காம கல்யாணத்தப்ப குடுக்கறதுதானுங்க அன்பளிப்பு. குடுத்த பின்னாடி பொண்ணுக்கு வந்ததைப் பொண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் எழுதி வெச்சுக்கணும். இன்னது இன்னது வேணும், இந்தத் தேதிக்குள்ள வேணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்தா அதுக்குப் பேரு வரதட்சணைங்க. கேக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம். குடுத்தா எங்கப்பாவுக்கும் ஜெயிலுங்க."

மருந்து ஊற்றிய மாடு போல அப்பா விழித்தார். இண்டெண்ட் போடாமல் சாமான் எப்படி வரும் என்பது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "கேட்கப்பட்டதா, இல்லைன்னு போட்டிருக்குதே கண்ணு" என்றார். குரல் பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததை மறைக்க மாட்டேன்.

அவளுடைய அப்பா கையைப் பிசைந்துகொண்டு எழுந்தார். "உடு சாமி, நல்ல காரியத்துல சட்டம் எதுக்கு? நான் தோட்டத்துக்கு வெல பேசிட்டேன். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். பட்டியலின் அடியில் என் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே? நீங்க சொல்லுங்க. இதெல்லாம் உங்களுக்கு வேணுங்களா?"

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். தோட்டம் பிழைக்கும், கல்யாணமும் நடக்கும். அவள் கேட்டதே என்னைக் கரையேற்றத்தான். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தி, தலையை லேசாகச் சாய்த்துச் சொன்னேன்.

"நாங்க எதுவும் கேக்கலையே."

அவள் பட்டியலை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அப்பா அதைத் திரும்பக் கேட்கத் துணியவில்லை. ஜீப்பில் ஏறித் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம், "நீ பேசுனது பாயிண்ட்டு" என்றார்.

நிச்சயம் நடக்கவில்லை. இரண்டு வாரம் அவள் வேறு பஸ்ஸில் போனாள். பிறகு ஒரு நாள் பழைய பஸ்ஸிலேயே ஏறினாள். பக்கத்தில் போய் நின்றேன். அப்பா அந்தக் காலத்து மனுஷன், அவர் செய்ததற்கு என்னை ஏன் தண்டிக்கிறாய் என்று கேட்டேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்துவைத்த கேள்வி. அவள் கோபப்படவே இல்லை.

"உங்கப்பா கேட்டாருங்க. கேட்டதை ஒளிக்காம எழுதியும் குடுத்துட்டாரு. அவரைக் கூட நான் சமாளிச்சிருப்பேன். கேட்டுப்போட்டு, கேக்கலைன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ற ஆளை எப்படிங்க சமாளிக்கறது?"

சொல்லிவிட்டு மடியில் இருந்த காகிதத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரை நின்றேன். அவர்கள் தோட்டத்தை விற்கவில்லை. புகாரும் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் சேலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்பா பாடம் கற்றுக்கொண்டிருந்தார். இந்த முறை முன்கூட்டி ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதவில்லை. பெண் வீட்டுக்கு இரண்டு முறை போனார், நல்லது கெட்டது பேசினார், எங்கள் வாசல் எவ்வளவு அகலம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் நானும் என் மனைவியும் உட்கார்ந்து, அவளுக்கு வந்ததை அவளும் எனக்கு வந்ததை நானும் பட்டியல் எழுதினோம். பொருள், மதிப்பு, கொடுத்தவர், உறவு. இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. சேலத்து வக்கீல் ஒருவர் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதுவதில்லை என்று பாராட்டினார்.

என் மாமனார் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். சொந்த வீடு என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை, கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. பண்டிகைக்கு நாங்கள் போகும்போது அவர் முன்னதாகவே தெருவில் வந்து நிற்பார். சந்து குறுகல். இரண்டு கையையும் ஆட்டி, "இன்னங் கொஞ்சம் பின்னால வாங்க மாப்பிள்ளை, இடிக்காது வாங்க" என்று சொல்லி, என் வெள்ளைக் காரை நிறுத்த இடம் காட்டுவார்.