பயத்துக்கும் அளவெடுத்தவள்

"அழகம்மாவைப் பாயில விழுத்தினது என்ர மருமகளோ? ஆர் உனக்குச் சொன்னது, சுரேகா? சொன்ன ஆளை இஞ்ச கூட்டிக்கொண்டு வா. நான் கேக்கிறன்."

படலையைத் திறக்காமலே நின்று இப்படித்தான் கேட்டேன். சுரேகா எங்களுக்கு எதிர்வீடு. மாதர் சங்கத்தின் செயலாளர். இந்த வாய்க்கால் கரையில் ஒரு கோழி முட்டை இட்டாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். தைக்கக் கொடுத்த சட்டைத் துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போக அன்றைக்கு வந்து நின்றாள்.

"அன்ரி, கோவியாதேங்கோ. எல்லா இடமும் அதுதான் கதை. அவா பேய்ப்படம் பாத்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை படுத்தவா. இண்டைக்கு நாலு நாள். சோறும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. பேய் பிடிச்சிட்டுதெண்டு சனம் சொல்லுது. படம் குடுத்தது ஆர்? உங்கட கஜேந்தினி."

"பேய் பிடிக்கிறதெண்டால் முதல் அவளையெல்லோ பிடிக்கவேணும்? ஒன்பது வருசமாப் பாக்கிறாள். அவளை விட்டிட்டு எப்பவாவது ஒரு படம் பாக்கிற மனிசியைப் பிடிக்க, அந்தப் பேய்க்கு என்ன கண் தெரியாதே?"

சுரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மருமகளை விட்டுக்குடுக்க மாட்டியள்."

"மாட்டன்."

"அப்ப இதையும் கேளுங்கோ. அவா புதன்கிழமை காலமை சந்தைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கிக்கொண்டு வந்தவாவாம். அதை மடியில வைச்சுக்கொண்டுதான் படுத்துக் கிடக்கிறா."

உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லோடு அது நின்றுவிட்டது. பிறகு அன்று முழுக்க அது ஓடவே இல்லை.

ஊர் சொல்லுகிற கஜேந்தினி ஒருத்தி. நான் ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது வருசம் பார்த்தவள் ஒருத்தி. அவளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் சுரேகா சொன்னதுதான் நிலைக்கும்.

என் மகன் சிவகரனின் மனைவி அவள். மகன் நெல் வெட்டுகிற மெசின் ஓட்டுகிறான். வெட்டுக் காலம் வந்தால் மட்டக்களப்பு, அம்பாறை என்று மாதக் கணக்கில் வெளியே நிற்பான். வீட்டில் நாங்கள் இருவரும்தான். முன் அறை யன்னலுக்குப் பக்கத்தில் அவளுடைய தையல் மெசின். நூல்கட்டைப் பெட்டியில் சாய்த்து வைத்த போனில் பேய்ப்படம் ஓடும். கை சட்டையில் இருக்கும், காது படத்தில் இருக்கும்.

எல்லாம் பட்டப்பகலில்தான். "இருட்டில பாத்தால் ஆரும் பயப்பிடுவினம் மாமி. அது இருட்டின்ர கெட்டித்தனம். பன்ரண்டு மணி வெயிலில வெருட்டிக் காட்டட்டும், அப்ப நான் அதைப் படமெண்டு சொல்லுறன்" என்பாள்.

முதலில் நானும் பேசினவள்தான். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத வீட்டில் இதென்ன அலறல் என்று கேட்டிருக்கிறேன். போனுக்கே திருநீறு பூசியிருக்கிறேன். அவள் அதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படத்தைப் போடுவாள். நானும் விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து, பிழை பிடிக்கவென்றே பார்க்கத் தொடங்கினேன்.

பிழை பிடிப்பதில் அவள் என்னை விடக் கெட்டிக்காரி. தலைமயிரை விரித்துக்கொண்டு வருகிற பேய் அவளுக்குப் பிடிக்காது. "தலை இழுக்க நேரமில்லாமல் இந்தப் பேய் என்ன வயலிலயே நிண்டது?" என்று கேட்பாள். திடீரென்று பெரிய சத்தம் போட்டுத் திடுக்கிட வைப்பது களவு வேலை, அதைச் சின்னப் பிள்ளையும் செய்யும் என்பாள். பேய் வருவதற்கு முன் அந்த வீட்டைக் காட்ட வேண்டும், சமைக்கிற குசினி எங்கே, எந்தக் கதவு கிரீச்சிடும், தாய் எங்கே படுப்பாள் என்று எங்களுக்குப் பழக்கமாக வேண்டும். பிறகுதான் அந்த வீட்டுக்குள் பேயை விட வேண்டும். "முன்பின் தெரியாத வீட்டில பேய் வந்தால் எங்களுக்கு என்ன?" அதுதான் அவளுடைய சட்டம்.

ஒரு நாள் கேட்டேன். "இவ்வளவையும் கண்டு வந்தனீ. இன்னும் பயத்தைத் தேடித் தேடிப் பாக்கிறியே, ஏன் பிள்ளை?"

கடைசிச் சண்டையின்போது அவளுக்குப் பதினேழு வயது. பங்கருக்குள்ளேயே கிடந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை போனவள். ஊசியில் நூலைக் கோர்த்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"படத்தில பயம் வர முதல் ஒரு மியூசிக் வரும் மாமி. கண்ணை மூடலாம். ஏலாதெண்டால் நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். நிப்பாட்டக்கூடிய பயம் எவ்வளவு நல்லதெண்டு வேற ஆருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு நான் திருநீறு பூசவில்லை.

சட்டை தைக்க வருகிற பெண்கள் போனில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு நல்ல படம் சொல்லன்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் சும்மா சொல்லிவிட மாட்டாள். கழுத்து அளவு, கை அளவு எழுதிய கொப்பியிலேயே, அதற்குக் கீழே, அந்தப் பெண்ணுக்கு எது ஆகாது என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். எழுத மாட்டாள், படமாகக் கீறுவாள். விமானச் சத்தம் ஆகாதவளுக்கு ஒரு விமானம். கிடங்கு வெட்டுவதைப் பார்க்க முடியாதவளுக்கு ஒரு மண்வெட்டி. கடல் ஆகாதவளுக்கு இரண்டு அலை. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தக் கொப்பியை நான் வாசிப்பேன். இந்த வட்டாரத்துப் பெண்கள் யாரிடமும் சொல்லாததெல்லாம் அதில்தான் இருந்தது. என்னைத் தவிர அவள் அதை ஒருத்திக்கும் காட்டியதில்லை.

பிறகு போனில் ஒரு குழு வைத்தாள். பூநகரியில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும்கூடப் பெண்கள் சேர்ந்தார்கள். கிழமைக்கு ஒரு படம். தன் குரலிலேயே பேசிப் போடுவாள்.

"கஜேந்தினி கதைக்கிறன். இந்தக் கிழமைப் படத்தில பேய் சுமார்தான், வீடு நல்ல வீடு. நாப்பதாவது நிமிசத்தில ஹெலிகொப்டர் ஒண்டு வரும். அது சும்மா ஆஸ்பத்திரிக்கு வாற ஹெலி. சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, அந்த மனிசி கதவைப் பூட்டினாப் பிறகு கூட்டுங்கோ. மற்றபடி சிரிச்சுக்கொண்டு பாக்கலாம். பாத்திட்டு எப்பிடியெண்டு சொல்ல வேணும், சொல்லாமல் ஒளியக்கூடாது."

அந்தக் கடைசி வசனம் எப்போதும் வரும். யாராவது சொல்லாமல் விட்டால் இவளே போன் எடுத்துக் கேட்பாள். பக்கத்தில் உள்ளவள் என்றால் சைக்கிளில் போய் நிற்பாள்.

அழகம்மா எங்களுக்குப் பின்வளவுப் பாதையில் இருக்கிறவள். அவளுடைய குடும்பத்தார் மலைநாட்டில் பிறந்து, கலவரத்தில் அங்கிருந்து ஓடி வந்து, இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்தவர்கள். மழை பெய்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்க்கால்தான் பெருகும். அவளுக்கு ஒரே மகன், நிரஞ்சன். கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். எங்கள் பக்கத்தில் காணாமல் போன பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதில்லை. பொட்டு வைப்பதில்லை. விளக்கும் இல்லை, திவசமும் இல்லை. போட்டால் பெற்றவளே முடித்து வைத்ததாகிவிடும். நிரஞ்சனின் படமும் கலண்டருக்குப் பக்கத்தில் வெறுமையாகத்தான் தொங்கும். பதினைந்து வருசமாக அழகம்மா அதைத் துணியால் துடைப்பாள், அவ்வளவுதான்.

அவளிடமும் கஜேந்தினி கேட்டிருக்கிறாள். "எனக்கு என்ன பயம் தாயி? ஒண்ணும் இல்ல" என்று அழகம்மா சிரித்தாளாம். கொப்பியில் அழகம்மாவின் பக்கத்தில் சட்டை அளவு மட்டும்தான். கீழே ஒன்றும் கீறவில்லை.

கஜேந்தினி கொடுத்தது ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. மலையும் மழையும் நிறைய இருந்ததால், மலையில் பிறந்தவளுக்குப் பிடிக்கும் என்று தேடி எடுத்தாள். கதையை அவள் பிறகு எனக்குச் சொன்னாள்: மலையில் இறந்துபோன மகன் ஒவ்வொரு நாளும் நனைந்தபடி வீட்டுக்கு வருவான். பேச மாட்டான். தாய் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போவான். கடைசியில் தாய் அவனுடைய படத்துக்குப் பூமாலை போடுவாள். அதற்குப் பிறகு அவன் வரமாட்டான். இரத்தம் இல்லை, விமானம் இல்லை, கிடங்கு இல்லை. பயமில்லாத பேய் என்று சொல்லித்தான் கொடுத்தாள். மாலை மட்டும் அவளுடைய கண்ணில் படவில்லை. எத்தனை படங்களில் எத்தனை மாலையைப் பார்த்துவிட்டோம், அதை யார் கவனிப்பார்கள்?

சுரேகா போன பிறகு அவள் வெளியே வந்து என் காலடியில் இருந்தாள்.

"என்ர பிழைதான் மாமி. ஹெலிக்கெல்லாம் சொன்னன். மாலைக்குச் சொல்லேல்லை. தையல் குவிஞ்சதில, எப்பிடியெண்டு கேக்கவும் போகேல்லை."

"அது சின்ன விசயம் பிள்ளை."

"துணியெண்டால் பிரிச்சுத் தைக்கலாம்" என்றாள்.

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். குழுவில் இருந்து விலகிவிட்டாள். முல்லைத்தீவில் இருந்து ஒருத்தி என் மகனுக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமைப் படம் எங்கே என்று கேட்டாளாம். கஜேந்தினி கிணற்றுக்குக் குசினிக் கதவால் போய் அதே கதவால் திரும்பி வருவாள். முன்கதவைத் தாண்டவே இல்லை. பாதையில் அழகம்மா வீட்டு நாய் குரைத்தாலும் எழும்பி உள்ளறைக்குப் போய்விடுவாள். இப்படிப் பத்து நாள்.

பதினோராம் நாள் நான் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு அழகம்மாவிடம் போனேன். அவள் எழும்பி, சுவரில் சாய்ந்து இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். மாலை பையோடு மடியில் கிடந்தது.

"உனக்குப் பேய் பிடிச்சிட்டுதெண்டு ஊரே கதைக்குது" என்றேன்.

"என்னயவா? நல்லா இருக்கே கதை. அந்தப் பேய்க்குத் திங்கிறதுக்கு இந்த வீட்டுல என்னக்கா இருக்கு?"

இடியப்பத்தில் இரண்டைச் சாப்பிட்டாள். பிறகு கையைக் கழுவாமலே கேட்டாள்.

"அக்கா, அந்தப் படத்துல அந்தம்மா மாலையப் போட்டுச்சே. அதுக்கப்புறம் அந்தப் புள்ள வரவே இல்ல. கோவிச்சுக்கிட்டு வரலயா, இல்ல நிம்மதியாப் போயிருச்சா? நாலு தரம் போட்டுப் பாத்துட்டேன். வெளங்கல."

மாலையைக் கொண்டுபோய் வாய்க்காலில் எறி, அவன் வருவான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லவும் வந்தது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"நான் அந்தப் படம் பாக்கேல்லை அழகம்மா."

"நீங்க பாக்கல சரி. கஜா புள்ள பாத்துச்சில்ல? எப்பவும் படத்தக் குடுத்தா மறுநாளே வந்து 'எப்புடி அம்மா'ன்னு நிக்கும். இப்பக் காணோம். நான் யாருகிட்டக்கா கேக்குறது? மத்தவங்க எல்லாம் என்னயக் கண்டா எம்புள்ளயப் பத்திப் பேசுவாங்க, இல்லாட்டி அழுவாங்க. படத்தப் பத்திப் பேச அது ஒண்ணுதான் இருக்கு."

"உன்னட்ட வர அவளுக்குப் பயம்."

அழகம்மா என்னை உற்றுப் பார்த்தாள்.

"எத்தன பேயப் பாத்த புள்ள! எனக்கா பயப்படுது?"

வீட்டுக்கு வந்து ஒரு சொல்லும் விடாமல் கஜேந்தினிக்குச் சொன்னேன். அவள் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் கையில் எடுத்த முதல் வேலை, என்னுடைய உடுப்புத்தான்.

"கோவிச்சதோ நிம்மதியோ... எனக்கும் தெரியாது மாமி. அந்தப் படத்தில அதைச் சொல்லாமலே விட்டிட்டாங்கள்."

"தெரியாதெண்டு போய்ச் சொல்லு."

"அதுக்காகப் போறதே?"

"அவள் கேட்டது உன்னை. நான் என்னத்தைச் சொன்னாலும் அவள் கேக்கமாட்டாள்."

கிழிசலை மடித்து வைத்தாள். எழும்பி முகம் கழுவினாள். அலுமாரியைத் திறந்து போனை எடுத்தாள். பிறகு மெசினுக்குக் கீழே கிடந்த கொப்பியை எடுத்து, பென்சிலை அதன் நடுவில் வைத்தாள். நேரம் உச்சி. எங்கள் வாய்க்கால் பாதையில் உச்சி நேரத்தில் முனி நடக்கும் என்று பெண்கள் தனியே போகமாட்டார்கள். நானே எத்தனையோ பேரை மறித்திருக்கிறேன். அன்றைக்கு இவளை மறிக்கவில்லை.

முன்கதவால்தான் போனாள். எதிரே சுரேகா மாமர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கஜேந்தினி, இந்த வெயிலுக்குள்ள?"

"அழகம்மாம்மா வீட்ட. ஒரு அளவு எடுக்காமல் விட்டிட்டன்."

"முனி நடக்கிற நேரமெல்லோ?"

"நடக்கட்டும் அக்கா. பாதை அகலம்தானே."

படலையைச் சாத்திவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பினாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.