நோக்கம்: வலது கை

திருமுல்கேரியில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் நின்றால் சில காலைகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். வந்த புதிதில் யார் வீட்டிலோ கல்யாணம், பட்டாசு வெடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே வீட்டுக்காரம்மா மிஸஸ் ரோஸ்மேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து, பள்ளி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற தமிழம்மா. யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மிலிட்டரி ஃபயரிங் சார். ஒரு வாரத்துல காது பழகிரும்," என்றார். ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட அந்தச் சத்தத்துக்குத் தலை திருப்புவதில்லை. நான் மட்டும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எண்ணுகிறேன். ஐந்து, ஓர் இடைவெளி, மறுபடி ஐந்து.

எண்ணுவதற்குக் காரணம் உண்டு. கரூரில் கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். படிப்பிலும் பாட்டிலும் பேச்சிலும் எதிலும் தேறாத எனக்குச் சுடுவது மட்டும் வந்தது. ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுப்பார்கள். நான் சுட்ட ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூடிவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. படுத்து, மூச்சைப் பிடித்து, விசையில் விரல் வைக்கும் நேரத்தில் மைதானம் முழுக்க அடங்கிவிடும். மற்ற நேரமெல்லாம் வாயாடும் பையன்கள் தொண்ணூறு பேர் ஒன்றாகச் சேர்ந்து சும்மா இருப்பார்கள். என்னைப் போலப் பேசத் தெரியாதவனுக்கு அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு பெரிய விடுதலை என்று பேசத் தெரிந்தவர்களுக்குப் புரியாது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், ஹைதராபாத் என்ன அயல்நாடா, மத்தியானம் ரயிலேறினால் மறுநாள் காலையில் ஊர் என்பீர்கள். உண்மைதான். எனக்குக் குஷாய்குடாப் பக்கம் மத்திய அரசு நிறுவனத்தில் வேலை. மனைவி சாந்தி கோயம்புத்தூரில் உதவிபெறும் பள்ளி ஆசிரியை. அவள் வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. மகள் அங்கேதான் படிக்கிறாள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ் என்றதால் நான் இந்த மாடிக்கு வந்தேன். வாரநாள் ஆறும் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். காலை பதினோரு மணிக்கு மெஸ்ஸில் "இன்னும் ரெண்டு இட்லி" என்று சொல்லும்வரை என் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு மாலைவரை அதற்கு வேலை கிடையாது. மாலையில் சாந்தி கூப்பிடுவாள். "ஏனுங்க" என்றுதான் தொடங்குவாள். கொங்குநாட்டார் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கேள்வி இல்லை, கூப்பிடுவது. பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஏன். சாப்பிட்டாச்சுங்களா என்பாள், ஆச்சு என்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி சுடலாம் என்று தோன்றியது. காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. இடம்தான் வேண்டும். நாலு வாரம் நாலு இடம் பார்த்தேன். சத்தம் கேட்கும் இராணுவ ரேஞ்ச் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், செலவு ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே விட மாட்டார்கள். வாசலில் நின்ற சிப்பாய் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி அனுப்பிவிட்டார். மேற்கே, கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும் பக்கம், ஒரு மாலில் யார் வேண்டுமானாலும் சுடலாம். பத்து ரவைக்கு முந்நூறு ரூபாய், காதைப் பிளக்கும் பாட்டு. நான் குறிபார்த்து மூச்சைப் பிடித்தபோது கவுன்ட்டர் பெண் வந்து, "சார், போட்டோ ஃப்ரீ," என்றாள். மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரு பழைய கிளப். புல்வெளி அருமை. சேர்வதற்கான கட்டணம் என் மகளின் ஒரு வருஷக் கல்லூரிச் செலவு, அதோடு உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். உங்களை முன்மொழிவது யார் சார் என்று வரவேற்பாளர் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். யாருமில்லை என்று அதே பணிவோடு சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாவது மௌலா அலியில், தர்கா மலையடிச் சந்தில், ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடி. பத்து மீட்டர் தூரம், ஐந்து பேர் நிற்கும் இடம். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, துப்பாக்கி அவர்களுடையது, ரவை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறியதும் எனக்குப் பிடித்துவிட்டது. ஐந்து பேர் தோளோடு தோள் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. நடத்துபவர் இம்தியாஸ் பாய், என் வயதுக்காரர். சேர வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கைக்கு?" என்றார்.

நான் வலது கையை நீட்டினேன். "ரைட் ஹேண்ட்," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போனவர், "அச்சா" என்று சொல்லிவிட்டு ஒரு படிவத்தில் எழுதி நீட்டினார். எனக்கும் ஒரே திருப்தி, தமிழ்கூடப் பேசுகிறாரே என்று. படிவத்தின் அடியில்தான் இடி இருந்தது. உறவினர் அல்லாத, இந்த ஊரில் வசிக்கும், உங்களைத் தெரிந்த இரண்டு பேர். பெயர், கையெழுத்து, தொலைபேசி எண். துப்பாக்கி பிடிக்கும் இடம், கேட்கத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து தொலைபேசியில் பெயர்களைத் தேடினேன். கேஸ். தண்ணி கேன். மெஸ். ஆட்டோ திருமுல்கேரி. ஃபேன் ரிப்பேர். ஆறு வருஷத்தில் நான் சேர்த்துவைத்தது இவ்வளவுதான். அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரரிடம் கேட்டேன். பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள நல்ல மனிதர், தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் கொடுப்பவர். படிவத்தைப் படித்துவிட்டு மடித்து என் பக்கமே தள்ளினார். "கன் விஷயம் கதா சார். நாக்கெந்துக்கு," என்றார். எனக்கெதற்கு வம்பு என்கிறார். அவர்மேல் கோபமில்லை. அன்றும் ஊறுகாய் கொடுத்தார். ஆனால் அன்று மாலை பஸ்ஸில் வரும்போது, இந்த ஊரில் நான் செத்துக் கிடந்தால் இவன் இன்னார் என்று சொல்ல இரண்டு பேர் வேண்டுமே என்று நினைத்தேன். காசு எப்படியாவது புரட்டலாம், இரண்டு பேருக்கு எங்கே போவது?

அந்த வாரம் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினேன். மாதத்துக்கு ஒருமுறை தவிர நான் தட்டாத கதவு. சொல்லி முடிப்பதற்குள், "ஹவ், போடுறேன், குடுங்க," என்று கண்ணாடியைத் தேடினார். ஹவ் என்றால் இங்கே ஆமாம். கையெழுத்துப் போடப்போனவர் நிறுத்தினார்.

"இது என்னா சார் எழுதியிருக்கு? பர்ப்பஸ், ரைட் ஹேண்டா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"கைக்குன்னா ஏன்னு அர்த்தம் சார். கைக்கு வந்தீங்கன்னு கேட்டிருக்காரு. உங்க கைய யாரு கேட்டா?"

ஆறு வருஷம் இருந்தும் இது தெரியாதா என்பீர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் உடைந்த தெலுங்கு, மெஸ்ஸில் தமிழ் என்று ஒப்பேற்றிவிட்டேன். தக்காணி உருது பேசுகிறவர்கள் யாரும் என்னிடம் கைக்கு என்று கேட்கும்படி நடந்ததில்லை. ஏன் வந்தாய், ஏன் தனியாக இருக்கிறாய், ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்கும் அளவுக்கு எந்த மொழிக்காரரும் நெருங்கவில்லை. அதுதான் விஷயம். ரோஸ்மேரி அம்மாவே சிரிப்பு அடங்கியதும், "சொல்லுங்க, கைக்கு போறீங்க அங்க?" என்று கேட்டார். கைக்குப் பயிற்சி என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். மறுபடி சிரித்தார்.

இரண்டாவது ஆள் தண்ணி கேன். சனிக்கிழமை கேனைத் தோளில் தூக்கி மாடிக்கு வந்தவரை உட்காரச் சொல்லி, பெயர் என்ன என்று கேட்டேன். ஆறு வருஷமாக வாரத்துக்கு இரண்டு முறை என் வீட்டுப் படியேறுகிறவர். யாதகிரி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மீ பேரு ஏந்தி சார்?" என்று என் பெயரைக் கேட்டார். அவர் தொலைபேசியில் நான் எப்படி இருக்கிறேன் என்று காட்டச் சொன்னேன். மெட்ராஸ் சார், மாடி. சென்னையில் நான் ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இருவரும் சிரித்தோம். சுப்பிரமணியன் என்றேன். "சுப்ரமண்யம்," என்று தன் வழக்கப்படி திருத்தி ஏற்றிக்கொண்டார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஒன்றரை வருஷமாகிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மௌலா அலிக்குப் போய்விடுகிறேன். இம்தியாஸ் பாய்க்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, அங்கே அது தேவைப்படவுமில்லை. கொஞ்சம் தாமதமானால் கடிகாரத்தைக் காட்டி, "கைக்கு லேட்?" என்பார். ஒரு வாரம் காய்ச்சலில் போகவில்லை, மறுவாரம் படியேறும்போதே, "கைக்கு நை ஆயே?" என்று ஏன் வரவில்லை எனக் கேட்டார். ஒருவர் என்னைத் தேடியிருக்கிறார் என்று அந்தச் சொல்லில்தான் தெரிந்தது. அதன்பிறகு எனக்கு அந்தச் சொல் தமிழாகக் கேட்பதில்லை. சாந்தியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்பாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். என்னால்தானே என்று வேலையை விடக் கிளம்புவாள், அல்லது விட முடியாமல் அழுவாள். சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்தவறி, "இங்க ரவைக்குத் தனியாக் காசு," என்றேன். "உப்புமாவா செய்யறீங்க? கடுகு தாளிச்சுப் போடுங்க," என்றாள். சரி என்றேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பையிலிருந்து துணியெடுத்தவள் கையில் ஒரு தகர டப்பா அகப்பட்டது. திறந்து, ஈயக் குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதாயிற்று.

"இதுதானுங்களா அந்த ரவை? நான் ஒன்னரை வருசமா உப்புமான்னு நெனச்சுட்டு இருக்கறேன்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மாதான். கைக்குப் பயிற்சி," என்றேன். மறுநாள், நம்ம ஊரிலும் ஒன்று இருக்கிறதாம், பார்த்துவிட்டு வரலாம் என்று அவளே ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீட்டிலிருந்து பத்து நிமிஷம். மௌலா அலியைவிட இருநூறு ரூபாய் குறைவு. குளிர்சாதனம் வேறு. இங்கும் அதே படிவம், அதே இரண்டு பேர். பேனாவை எடுத்தேன். கை தானாக ரோஸ்மேரி, யாதகிரி என்று எழுதிவிட்டது. பயிற்சியாளர் பெயர்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "லோக்கல் ஆளுங்க வேணுமுங்க சார்," என்றார். யோசித்தேன். சாந்தியைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மகளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள் என்று சொந்தத்துக்கு வெளியே ஒரு பெயரும் வரவில்லை. சாந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ட்ரையல்தானுங்க, பரவால்லைங்க," என்று அவர் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

கெட்டித் துணிச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார். வரிசையில் நாலு பேர் பேசாமல் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. துப்பாக்கியை எடுத்தேன். பின்னால் இருந்து, தணிந்த குரலில், "கைக்கு?" என்று கேட்டது.

ஏன் என்று இதுவரை யாருக்கும் பதில் சொல்லாதவன் சொன்னேன். "ஞாயித்துக்கெழமை அங்க எனக்குப் பேச ஆளில்லை. காலையில இருந்து பொழுது சாயறவரைக்கும் ஒருத்தருமில்லை. சுடற எடத்துக்கு வந்தா யாருமே பேச மாட்டாங்க. அப்ப நான் தனியா இருக்கறது தெரியாது. அதுக்குத்தான்."

திரும்பினேன். பயிற்சியாளர் இடது கையில் மாட்டும் உறை ஒன்றை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவர் தமிழில்தான் கேட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சாந்தி நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அது கேள்வியாக இருந்தது. நான் உறையை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டேன்.