ஐஸ் அறையில் சூட்டுச் சட்டை

பிற்பகல் இரண்டு இருபதுக்கு விளக்கு அணைந்தது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். சட்டை சூடேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் என் மகனும் நின்றுகொண்டிருந்தது அடையாறு பகுதியில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஐஸ் கம்பெனியின் கிடங்கு அறைக்குள். மயிலாப்பூரில் குடியிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியைக்கும் அவள் பிள்ளைக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்டால், குளிரைத் தேடிப் போனோம் என்றுதான் சொல்ல வேண்டும். அக்டோபர் மாதச் சென்னையில் அது வேறு எங்கே கிடைக்கும்?

அவனுக்கு ஊட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. டிசம்பரில் போய்ச் சேர வேண்டும். ரயிலில் போடா என்றால் கேட்கவில்லை. படிக்கிற காலத்திலேயே யாரிடமோ வாங்கிச் சரிபண்ணி வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளில்தான் மலை ஏறுவேன் என்றான். அங்கே குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைக்கும் தினமும் விடிகாலையில் அதில்தான் போக வேண்டுமாம். ஐந்து வயதிலிருந்து அவனுக்கு இழுப்பு. மார்கழிப் பனியில் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவான். காதில் மஃப்ளர் இல்லாமல் வாசற்படி தாண்டவிடாமல் வளர்த்த பிள்ளை.

அதற்குத்தான் சட்டை. பழைய கம்பளியை இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் மின்சார அடுப்பில் இருப்பது போன்ற மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து ஓட்டினான். ஒரு வளைவு இன்னொன்றைத் தொட்டுவிடாமல் தனித்தனியாகத் தைத்தது நான். இரண்டு முனைகளையும் வண்டியின் பாட்டரியில் செருகினால் முதுகும் மார்பும் கதகதப்பாகும். என் கணவர் எட்டிப் பார்த்து, "அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து தோசைக்கல் தைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

வீட்டில் போட்டுப் பார்த்ததில் அவனுக்கு வேர்க்குருதான் வந்தது. உண்மையான குளிரில் என் கண் முன்னால் சோதித்தால்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். அது நடக்காத காரியம் என்ற நம்பிக்கையில் சொன்னது. அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐஸ் கம்பெனி மேற்பார்வையாளரைப் பிடித்துவிட்டான்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது, கொண்டி வெளியேதான், ஆனால் நான் இங்கேயே நிற்பேன், கால் மணி கழித்துத் திறந்துவிடுகிறேன் என்று தெளிவாகச் சொன்னார். பாட்டரியை வண்டியிலிருந்து கழற்றி உள்ளே வைத்தோம். அவனைத் தனியே அனுப்ப மனம் வராமல் நானும் நுழைந்தேன். குட்டிச் சுவர் மாதிரி ஐஸ் பாளங்கள், மேலே உமி, ஈரச் சாக்குகள், மூக்கை அரிக்கிற அமோனியா நெடி. நான் கட்டியிருந்தது நூல் புடவை.

விளக்கு அணைந்த அதே நேரத்தில் இயந்திரத்தின் இரைச்சலும் நின்றது. மின்வெட்டு. மேற்பார்வையாளருக்கு மின்சாரம் போனால் ஐஸ் கரையும் என்ற ஒரே கவலைதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் பறந்திருக்கிறார். வழியில் பாதி தூரம் போகும்வரை எங்கள் நினைவே இல்லையாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு மட்டும்.

முதலில் மகன் சிரித்தான். இப்போது வந்து திறப்பார் என்றான். தட்டினோம். கூப்பிட்டோம். தடித்த கதவு, உள்ளே தக்கை அடைத்தது; தட்டினால் மெத்தையில் குத்துகிற மாதிரி இருந்தது. அவன் தோளால் இடித்தான். நான் போதும்டா, மூச்சு வாங்கும் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பானை விளிம்பில் காற்று நுழைகிற மாதிரி ஒரு மெல்லிய விசில். அவன் முகம் தெரியவில்லை, ஆனால் அந்த விசிலை எந்த இருட்டிலும் எனக்கு அடையாளம் தெரியும்.

அவனுடைய மாத்திரைகள் என் கைப்பையில் இருந்தன. கைப்பை வெளியே வண்டியின் கைப்பிடியில் தொங்கியது.

அவனைச் சாக்கின் மேல் உட்காரவைத்தேன். என் பாதம் மரத்துக்கொண்டு வந்தது. பல் தந்தியடிப்பதை அவன் கேட்டுவிட்டான். சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நீ போட்டுக்கோம்மா."

"எனக்கு ஒண்ணும் குளிரலை."

"பொய் சொல்லாதே. உன் கை ஐஸ் மாதிரி இருக்கு."

"உன் மூச்சு எனக்குக் கேக்குதுடா. போட்டுக்கோ."

இருட்டில் ஒரு கம்பளியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். அவன் என் தோளில் போட்டான், நான் எடுத்து அவன் தோளில் போட்டேன். அதில் ஒரு முனை பாட்டரியிலிருந்து கழன்றுவிட்டது. தரையைத் தடவித் தடவி அவன் அதைத் தேடிச் செருகுவதற்குள் விசில் இரண்டு மடங்காகிவிட்டது. இனி ஒரு வார்த்தை பேசாதே என்று அதட்டினேன். வகுப்பறைக் குரல். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. சட்டையை விரித்து அவன் முதுகில் வைத்தேன். அதன் மறுபக்கத்தில் என் மார்பை அழுத்தி, பின்னாலிருந்து அவனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். நடுவில் சட்டை. முந்தானையை எடுத்து அவன் தலையோடு சுற்றினேன்.

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. அவனை நான் அப்படித் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. சூடு மெதுவாக வந்தது, நான் தைத்த வரிசையிலேயே, கோடு கோடாக. அவன் விலா ஏறி இறங்குவது என் கையில் தெரிந்தது. இழுக்கும்போது சுலபம், விடும்போதுதான் பாடு. அவன் விடுகிறவரை நானும் விடாமல் காத்திருந்தேன். காற்று தீர்ந்துவிடுமோ, பாட்டரி தீர்ந்துவிடுமோ, எது முதலில் தீரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தட்ட எழுந்தால் சட்டை நழுவும். எழாவிட்டால் யாருக்கும் தெரியாது. எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதுகூட என் கைகள் அந்த விலாவின் மேல்தான் இருக்கின்றன.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பேசினான். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"நான் போகலேன்னா... உனக்கு நிம்மதியாம்மா?"

ஆமாம் என்பது தொண்டை வரை வந்தது. பேசாதே என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குப் போகணும். ஆனா பயமா இருக்கு."

அவனுக்குப் பயம் என்பதே எனக்குப் புதிது. பயம் முழுவதும் என்னுடையது, அவனிடம் இருப்பது பிடிவாதம் மட்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பயந்தால் பயந்துகொண்டே போ என்றேன். எப்படி அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரியாது. அவன் தோள் குலுங்கியது. மூச்சா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. பாட்டரி தீர்ந்துவர, கம்பளியின் கோடுகள் ஒவ்வொன்றாகச் சூடு இறங்கிக்கொண்டிருந்தன. என் கண்ணிலிருந்தும் வழிந்தது. அது மட்டும்தான் அந்த அறையில் எனக்குச் சூடாக இருந்தது.

கொண்டி நகரும் ஓசை கேட்டபோது நான் நம்பவில்லை. கதவு பிளந்து வெயில் உள்ளே விழுந்தது. மேற்பார்வையாளர் இல்லை. மீன்கார அம்மா ஒருத்தி, இடுப்பில் அலுமினியக் கூடையோடு. மாலைச் சந்தைக்கு ஐஸ் வாங்க வந்தவள், கூப்பிட்டுப் பார்த்து ஆளே இல்லாததால் தானே கதவைத் திறந்திருக்கிறாள். எங்களைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு வந்து, அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் வெயிலில் உட்காரவைத்தாள். நான் தள்ளாடிக்கொண்டே போய்க் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவன் வாயில் போட்டேன். அவள் அவன் நெஞ்சைத் தன் உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே, சுற்றியிருந்த முந்தானையையும் எங்கள் இருவர் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பெத்தவள கட்டிக்கினு அழுவறதுக்கு இந்த மெட்ராசுல உனுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றாள்.