ஹர்த்தால் நாளின் ஆடு

நீங்கள் கொண்டாடுகிற ‘குடைக்கார ஆடு’ தொகுப்பில் உள்ள எல்லாப் படங்களும் அதன் ஓவியர் வரைந்தவை அல்ல. சிலவற்றை வரைந்த பொய்யன் நான்!

நாகர்கோவிலில் அச்சாகி, எப்போதோ நின்றுபோன ஒரு தமிழ் நாளிதழில் தினமும் மூன்று கட்டங்களில் வந்த சித்திரத் தொடர் அது. மழைக்குப் பயந்த ஓர் ஆடு குடையோடு ஊர் சுற்றும். வரைந்தவர் பொழியூர்க்காரர். அவரைப் போலவே எல்லைக்கு அப்பால் கேரளத்தில், தனுவச்சபுரத்தில் ஓவிய ஆசிரியனான நான் சிறு வயது முதலே அதை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். அவர் இறந்த பிறகு, மறுபதிப்புக்குப் படங்களைக் கொடுத்தவனும் நானே.

கேரளத்தில் ஹர்த்தால் என்று முழு அடைப்பு நடந்தால் அந்தப் பத்திரிகை எல்லையான களியக்காவிளையைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. அந்த நாள்களின் படங்கள் மட்டும் என்னிடம் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்தில் எவராவது வைத்திருக்க மாட்டார்களா? பேருந்து ஏறிப் போய்த் தேடியிருக்கலாமே... தேடவில்லை. சோம்பலா? இல்லை, கொழுப்பு! அவருடைய கோடு என் கைக்கும் வரும் என்ற கொழுப்பு. வரைந்தேன். கீழே தேதியும் போட்டேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு அவருடைய ஒரே மகள் ரோஸ்லின் அக்கா புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வேறு சாதிக்காரரை விரும்பி மணந்தவர். அப்பா அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை. சாகும்வரை மகளோடு பேசவும் இல்லை. திருமணம் நடந்தது ஒரு ஹர்த்தால் நாளில்.

அக்கா ஒரு பக்கத்தை விரித்தார். மழையில் புறப்படும் குட்டிக்குக் குடையைக் கொடுத்துவிட்டு, ஆடு நனைந்தபடி நிற்கிறது. கீழே அக்காவின் திருமணத் தேதி!

“அண்ணைக்கு பேப்பர் வரல்ல மக்கா, நான் இத கண்டதே இல்ல. அப்பன் வரல்லெங்கிலும் எனக்கு குடைய குடுத்து விட்டிருக்காரு, பாத்தியா? இது எனக்குள்ளதாக்கும்!” என்று சொல்லி அழுதார்.

அது என் படம்! விடுபட்ட தேதிகளில் ஒன்று என்றுதான் அதைப் போட்டிருந்தேன். அந்த நாளுக்கு அவர் எதை வரைந்தாரோ... கோபத்தையா? மகளை நினைக்காமல் வெறும் வேடிக்கையையா? அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

“ஆமா அக்கா, உங்களுக்குள்ளதுதான்” என்றேன்.

இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வோமே என்ற பயம்... அவ்வளவுதான்!

அந்தப் படத்தை அப்பாவின் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்றார் அக்கா. கல்வெட்டுகிறவருக்கு அதைப் பெரிதாக வரைந்து கொடுத்தவனும் நான்தான். சீ! எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று அக்கா மெழுகுவர்த்தி ஏற்றினார். குனிந்து, கல்லில் நின்ற ஆட்டை முத்தமிட்டார்.

“நீயும் தொட்டு கும்பிடு மக்கா. உன்னாலயாக்கும் எனக்கு அப்பன் திரும்ப கிட்டினாரு.”

தொட்டுக் கும்பிட்டேன்.