பின்பலகைக்குள் எறும்பு

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நடந்தது இது. மருதமுனையில் கடலுக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. கணவர் கடற்றொழில் செய்கிறவர். எங்கள் பழைய பைபர் படகை முற்றத்துக்கு இழுத்து வந்து, இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, அவரும் அவருடைய தம்பியும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியக் கடலில் இறக்க ஏற்பாடு.

தேத்தண்ணி கொண்டுபோன எனக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. இஞ்சின் பூட்டும் பின்பலகையின் போல்ட்டுத் துவாரத்தால் கறுப்பு எறும்புகள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தன. எனக்கோ எதையும் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

“இஞ்சாருங்க, பைபருக்குள்ள எறும்புக்கு என்ன சோலி?”

“எறும்பு எங்கதான் போகாது? நீ போய் வேலையப் பாரு புள்ள” என்றார். தம்பி சிரித்தார்.

நான் நகரவில்லை. “உள்ளுக்கு என்னமோ இரிக்கி. ஒருக்காக் குத்திப் பாருங்க.”

என் வாயை அடைக்கத்தான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துத் துவாரத்தின் ஓரத்தில் குத்தினார். பிடிவரைக்கும் இறங்கிவிட்டது! மண்ணிறத்தில் தண்ணீர் வடிந்தது. “யா அல்லாஹ்” என்றபடி மணலில் குந்திவிட்டார்.

உள்பக்கத்துப் பைபரை வெட்டி எடுத்தார்கள். நடுவில் வைத்திருந்த பலகை ஊறிப்போன பிட்டு மாதிரிக் கையோடு வந்தது. வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கிறது, உள்ளே இந்தக் கோலம்! போல்ட்டுத் தளர்ந்தால் இறுக்குவது, வெடிப்புத் தெரிந்தால் புட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது, இதுதான் வருஷா வருஷம் நடந்தது. உள்ளே போன தண்ணீரையும் சேர்த்தல்லவா பூசி மூடியிருக்கிறார்கள்.

“நாளைக்கு இறக்கியிருந்தா?” என்று தம்பி கேட்டார்.

“நடுக்கடல்ல இஞ்சினோட பலகையும் பிச்சிட்டுப் போயிரிக்கும்” என்றார் கணவர். முந்தானையை வாயில் வைத்து அழுதேன்.

படகு காய வேண்டியிருந்தது. மற்றவர்களின் படகுகள் மீனோடு வந்து சேர, இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “காஞ்சிட்டு, பலகையப் போடுவம்” என்பார். நான் கையை வைத்துப் பார்த்து, “இன்னும் ஈரம்” என்பேன். “இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க” என்று தம்பி கேலி செய்வார். செய்யட்டுமே.

ஒருவழியாகப் புதுப் பலகை வைத்து, ரெசின் பசை ஊற்றிப் பைபர் போட்டார்கள். ரெசின் கலந்த டின்னைத் தொட்டால் சுட்டது. அடுப்பில்லாமல் இது எப்படிச் சூடாகிறது என்று அதையும் கேட்டு ஏச்சு வாங்கினேன். தண்ணீர் புகுந்த போல்ட்டுத் துவாரங்களின் உட்புறத்துக்கும் ரெசின் பூசிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இஞ்சினைப் பிடித்து ஓட்டுகிறவர் அந்தப் பலகைக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும். இத்தனை வருஷமும் காற்றுக்கும் அலைக்கும் பயந்துதான் அவருக்காகத் துஆக் கேட்டிருக்கிறேன்; ஆபத்து எங்கள் முற்றத்திலேயே, என் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.